காவிரிக்கரை ஏடுகள் – 17: உப்புப் பொதியும் ராதாரிச் சீட்டும்

இராப்பத்தின் எட்டாம் திருநாளன்று ஸ்ரீரங்கத்தில் பெருமாளிடமே கொள்ளையடிப்பார்கள். மணல்வெளியில் நம்பெருமாள் தங்கக் குதிரையில் வையாளி வருவார். ஸ்ரீபாதம்தாங்கிகள் முன்னே ஓடி, சட்டென்று திரும்பி, மறுபடி பாய, கூட்டம் கரைக்கும் கரைக்கும் அலைமோதும். எதிரே வழிமறித்து நிற்பவர் திருமங்கை மன்னன், ஆலிநாட்டுக் கள்ளர் குலத் தலைவர். நகை பறிபோகும். பறித்தவர் காதிலேயே பெருமாள் எட்டெழுத்தை ஓதிவிடுவார். கள்ளர் ஆழ்வார் ஆகிவிடுவார். இதற்கு வேடுபறி என்று பெயர்.

கோயிலின் நாலாம் சுற்றுக்கு ஆலிநாடன் திருவீதி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அந்த மதிலுக்குப் பணம் வந்த வழியையும் குருபரம்பரைக் கதைகள் ஒளிக்கவில்லை. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை உருக்கிக் கட்டியதென்று கூசாமல் சொல்கின்றன. இதை நம் முன்னோரின் பெருந்தன்மை என்று கொண்டாட நான் வரவில்லை. எந்தச் சாதி எந்த வீதிவரை வரலாம் என்று கணக்கு வைத்திருந்த ஊர்தான் இதுவும். ஆனால் ஒன்றை மட்டும் அந்தக் கதை தெரிந்து வைத்திருந்தது. பறித்தவன் ஒரு ஆள். அவன் மாறலாம். அவன் பிள்ளை பிறக்கும்போதே கள்வன் என்று அந்தக் கதையில் எவரும் எழுதி வைக்கவில்லை. அப்படி எழுதி வைப்பதற்கு 1871இல் ஒரு சட்டம் வந்தது.

சென்ற இரண்டு அத்தியாயங்களில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைப் பார்த்தோம். குயின்ஸ்லாந்தின் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பாதுகாவலர்’ என்றொரு அதிகாரி இருந்தார். பூர்வகுடி ஒருவர் எங்கே குடியிருக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம், கூலி யார் கையில் போய்ச் சேரும், பிள்ளை யாரிடம் வளரும் என்பதையெல்லாம் முடிவு செய்தவர் அவர். படித்துவிட்டு ஸ்ரீரங்கத்து வாசகர் ஒருவர் எழுதினார்: ‘இதெல்லாம் கண்டம் பிடிக்கப் போன வெள்ளைக்காரன் செய்தது. நம் ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லையே?’

நடந்தது, ஐயா. குறவர்களைப் பற்றிய இந்த அத்தியாயம் உங்களுக்குப் பதில்தான்.

குறவர் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வள்ளி. திருச்சிக்குப் பக்கத்து வயலூரில் முருகனுக்கு அருகில் நிற்பவள் குறமகள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஊருக்கொரு குறவஞ்சி பாடினார்கள் புலவர்கள். தலைவியின் கைபிடித்துக் குறி சொல்லிவிட்டு, தன் மலையின் வளத்தைத் தானே பாடிப் பெருமைப்பட்டுக்கொள்கிறவள் அந்தக் குறத்தி. ஏட்டில் இப்படி இருந்தார்கள். வெளியே அவர்களுக்கு வேறு வேலை இருந்தது, அந்த வேலைகளில் ஒன்று உப்பு.

கழுதை மேலும் பொதிமாட்டின் மேலும் கடற்கரை உப்பை ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக உள்நாட்டுக்கு நடப்பார்கள். திரும்பும்போது தானியம், புளி. இரண்டுக்கும் நடுவில் தங்குகிற ஊர்களில் கூடை, முறம், கோழிப் பஞ்சாரம் முடைவார்கள். பச்சை குத்துவார்கள், குறி சொல்வார்கள். சங்கப் பாட்டில் வரும் உப்பு வணிகர்களான உமணர்களுக்கும் இவர்களுக்கும் ரத்த உறவு சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் நடந்த பாதை ஒன்றுதான். வண்டித் தடம் இல்லாத ஊருக்கும் உப்பு போய்ச் சேர்ந்தது இவர்கள் காலால்தான். இவர்கள் பெயரிலேயே ‘உப்புக் குறவர்’ என்று தொழில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தப் பிழைப்பு எழுபது எண்பது ஆண்டுகளில் குலைந்தது. சென்னை மாகாணத்தில் உப்பு 1805இல் கம்பெனியின் தனியுரிமை ஆனது. உப்பு எடுப்பதும் விலை வைப்பதும் சர்க்கார் கைக்குப் போயின. பிறகு ரயில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து 1861இல் தஞ்சாவூர்வரை ஓடிய ரயில், மறு ஆண்டே திருச்சிக்கு வந்து சேர்ந்தது. நம் ஊர் வரலாறுகளில் இது பெருமையோடு சொல்லப்படுகிற ஆண்டு. திருச்சி ரயில்வே ஊராக வளர்ந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. அதே ஆண்டைப் பொதிமாட்டுக்காரர் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. ஒரு மாட்டுக் கூட்டம் பல நாள் நடந்து கொண்டுவந்த சரக்கை ஒரு வேகன் ஒரே பகலில் கொண்டுவந்து இறக்கியது.

அடுத்த அடி 1876இல் தொடங்கிய தாதுவருஷப் பஞ்சம். மனிதர்களோடு மாடுகளும் மடிந்தன. பொதி சுமக்க மாடு இல்லாதவன் எப்படி வியாபாரி? மிஞ்சியவர்கள் கூடை முடைந்து பிழைக்கலாம் என்றால் 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. மூங்கில் வெட்டினால் குற்றம். ஈச்ச ஓலை கிழித்தாலும், கழுதையை மேய விட்டாலும் ஏதோ ஒரு விதி குறுக்கே நின்றது. உப்பும் சாலையும் காடும் இப்படி ஒவ்வொன்றாகக் கைநழுவின. சென்னை மாகாணத்துக் குறவர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த மீனா ராதாகிருஷ்ணா, 2001இல் வெளிவந்த தம் நூலில் இந்த வரிசையைத்தான் காட்டுகிறார். முதலில் தொழில் போனது, குற்றவாளிப் பட்டம் வந்தது அதற்குப் பின்னால்தான். சர்க்கார் ஏடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். பிறவியிலேயே திருடர்கள், உப்பு வியாபாரம் வெறும் வேஷம் என்று.

அந்த ஏடுகள் உருவான விதத்தையும் சொல்ல வேண்டும். 1892இல் மல்லாலி என்ற போலீஸ் அதிகாரி மாகாணத்தின் ‘குற்ற வகுப்புகள்’ பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். 1909இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் உதவியோடு ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற ஏழு தொகுதிகளைக் கொண்டுவந்தார். மூன்றாம் தொகுதியில் குறவர் பற்றிய பகுதி நீளமானது, அதில் களவுக் கதை ஏராளம். மக்களைப் பற்றி எழுதப் போனவர் தகவல் கேட்டது போலீஸாரிடம். இன்றுவரை நம் சாதி வரலாற்று நூல்கள் பல, தர்ஸ்டனை வேதம்போல மேற்கோள் காட்டுகின்றன. வேதத்தை ஓதியது யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871இல் வடக்கே தொடங்கியது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி என்றால் திருடன் மகனும் திருடன்தான் என்பது அந்தக் காலத்து வாதம். நம் சாதி முறையைப் பார்த்துவிட்டு, அதையே துரைத்தனம் சட்டமாக்கியது. 1911இல் திருத்தி எழுதப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924இல் மறுபடியும் தொகுக்கப்பட்டது.

வேலை செய்த விதம் எளிது. ஒரு கூட்டத்தைக் குற்றப் பழங்குடி என்று அரசு அறிவித்துவிடும். அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பிறகு பதிவேட்டில் பேர் ஏறும், பத்து விரலையும் உருட்டி ரேகை எடுப்பார்கள். நம் பக்கத்து ஜனங்கள் சட்டத்தின் முழுப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ‘கைரேகைச் சட்டம்’ என்றார்கள். பதிவானவர் குறித்த வேளையில் கச்சேரியில் ஆஜர் சொல்ல வேண்டும். அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். போன ஊரில் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கி, சொன்ன நாளில் திரும்ப வேண்டும். இருட்டிய பிறகு சந்தேகப்படும்படி எங்காவது நின்றாலே சிறை. சில குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை என்றால் ஏழாண்டு, மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் நாடுகடத்தல்.

கூடை விற்கிறவர் நிலையை நினைத்துப் பாருங்கள். முறம் முடைவதற்கு மூங்கிலைப் பத்தை பத்தையாகப் பிளந்து, உள்சதை நீக்கி, சிம்பு சீவி, வெயிலில் காயவைத்து, ஈரத் துணியில் சுற்றிப் பதம் பார்க்க வேண்டும். அம்மா மண்டபம் போகும் சாலையோரம் ஒரு பாட்டி அப்படி முடைவதை ஒருநாள் நின்று பார்த்திருக்கிறேன். இடது காலின் பெருவிரலால் ஓரச் சிம்பை அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் பின்னிக்கொண்டே பேசினார். விளிம்பு கட்டி முடித்ததும் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், இடைவெளி தெரிகிறதா என்று. அப்புறம் அதை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். ஒரே ஊரில் உட்கார்ந்து விற்றால் வாரத்துக்கு நாலு முறம் போகாது. சுற்றினால்தான் சோறு. அந்தச் சுற்றலையே குற்றம் ஆக்கியது சட்டம்.

சிலரைக் குடும்பத்தோடு செட்டில்மெண்டுகளில் அடைத்தார்கள். தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர் அப்படி உருவானது. ஆந்திரக் கரையில் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரம் இன்னும் பேர்போனது. அங்கே எருக்குலர்கள், அதாவது தெலுங்கு பேசும் குறவர்கள், அடைக்கப்பட்டார்கள். ‘திருத்துவது’ என்பதற்குப் பக்கத்திலிருந்த புகையிலைக் கம்பெனிக்குக் கூலியாட்கள் கிடைத்தார்கள் என்றும் பொருள் உண்டு. பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் விடவும் சட்டத்தில் இடம் இருந்தது. குயின்ஸ்லாந்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், வாசகரே. கடல்தான் வேறு.

இனி நான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். 1930 ஏப்ரல் 13ஆம் நாள் விடியற்காலை, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். பதினைந்து நாள் நடை. தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று அறிவித்தார். ஜனங்கள் மரத்தில் சோற்றுப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள் என்ற கதை நம் வீடுகளில் இன்றும் உண்டு. 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்து, 30ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள்.

மகத்தான நடை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஏப்ரலில் பதிவேட்டில் பேர் ஏறிய குறவர் ஒருவர் அதே சாலையில் நடக்க வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு காட்ட வேண்டும். உப்பை அரசு எடுத்துக்கொண்டது அநியாயம் என்று நாடே எழுந்து நின்றது. அந்த அநியாயத்தில் முதலில் பிழைப்பை இழந்தவர்கள் திருடர்கள் என்று எழுதப்பட்டிருந்தார்கள். சத்தியாகிரகத்தின் நினைவாகத் திருச்சியில் கல் நட்டு வைத்திருக்கிறோம். உப்புக் குறவருக்கு எங்கே கல்?

சட்டத்தை எதிர்த்து நின்றதில் தெற்கே பிரமலைக் கள்ளர்களின் கதை பெரிது. 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் உள்பட பதினாறு பேர் இறந்தார்கள். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், பின்னாளில் முத்துராமலிங்கத் தேவர், ஜீவா, பி. ராமமூர்த்தி என்று பலர் பேசினார்கள், போராடினார்கள். எண்ணிக்கையும் நிலமும் தலைவர்களும் அவர்களுக்கு இருந்தன. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த குறவர்களுக்கு அது எதுவும் இல்லை. அதனால்தான் ரேகைச் சட்டம் என்றால் இன்றும் நமக்கு உசிலம்பட்டிப் பக்கம் மட்டும் நினைவுக்கு வருகிறது.

சென்னை மாகாணத்தில் 1947 ஜூனில் சட்டம் ரத்தானது. நாடு முழுவதும் ரத்தானது 1952 ஆகஸ்ட் 31இல். விடுதலை வாங்கி ஐந்து ஆண்டு கழித்துத்தான் நாடு முழுக்க இவர்களுக்கு விடுதலை. ஆனால் சென்னையில் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. பழைய பதிவேட்டுக்குப் புது அட்டை போட்டதுபோல.

பதிவேடு போன பிறகும் அதன் தலைப்புகள் போகவில்லை. குற்றப் பழங்குடி என்ற பட்டம் நீங்கியவர்களுக்கான, தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தோகைமலைக் குறவர் அல்லது கேப்மாரி. கந்தர்வக்கோட்டைக் குறவர். சேலம் மேல்நாட்டுக் குறவர். வடுவார்பட்டிக் குறவர். எந்தச் சமூகமாவது தனக்குத் தானே இப்படிப் பேர் வைத்துக்கொள்ளுமா? எந்தக் காவல் சரகத்தில் எழுதினார்களோ, அந்த ஊரின் பேர் சாதிக்கு முன்னொட்டாகிவிட்டது. தோகைமலை அன்றைய திருச்சி மாவட்டத்துக் குளித்தலைப் பக்கம், இன்று கரூர் மாவட்டம். போலீஸ் ஏட்டில் இருந்தது சாதிச் சான்றிதழில் அச்சாகிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. அதில் ‘கேப்மாரி’ என்ற சொல் நம் சினிமாவில் நகைச்சுவைக்குத் திட்டு. அரங்கமே சிரிக்கிறது. அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கும் பையனும் அதே அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொரு வேடிக்கை, அதை வேடிக்கை என்று சொல்ல மனம் வரவில்லை. மலைக்குறவன் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார். வெறுங் குறவன் ஆதிதிராவிடர் பட்டியலில். உப்புக் குறவரும் தோகைமலைக் குறவரும் சீர்மரபினர். சீர்மரபினரைப் ‘பழங்குடி’ என்று அழைத்த ஆங்கிலச் சொல்லை 1979இல் ஓர் அரசாணை ‘சமூகம்’ என்று மாற்றியது. 2019இல் மத்திய அரசின் சலுகைக்குப் பழங்குடி, மாநிலத்தின் சலுகைக்குச் சமூகம் என்று இரண்டு சான்றிதழ் முறை வந்தது. ஒரே ஆள் அன்று இரண்டு அலமாரியில் இருந்தார்.

திருச்சிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த நரிக்குறவர் கதை தனி. துவாக்குடிப் பக்கத்துத் தேவராயநேரியில் இவர்களின் பெரிய குடியிருப்பு இருக்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்திலும் சமயபுரத்திலும் பாசிமணி விற்கிறவர்கள். வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, இந்தோ-ஆரிய மொழி. வேட்டைதான் தொழிலாக இருந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அது போனது. இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965இலேயே லோகூர் குழு சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். நடுவே 57 ஆண்டுகள். ‘குறவர்’ என்ற பேரை அவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று குறவர் அமைப்புகள் சொல்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. இருப்பது ஒரே ஒரு நல்ல பேர், அதற்கும் போட்டி.

சந்தேகம் மட்டும் ரத்தாகவே இல்லை. 1993இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு என்ற குறவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஒரு திருட்டுப் புகார், சந்தேகப்பட ஒரு சாதி, அது போதுமாக இருந்தது. அவர் மனைவிக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடிய கே. சந்துரு ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர், பின்னாளில் நீதிபதியானவர். அந்த வழக்கைத் தழுவி 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தை உலகமே பார்த்தது. படத்தில் கொல்லப்படுகிறவர் இருளர். இருளர் படும் பாடும் உண்மைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் செத்தது குறவர். அங்கேயும் அவர் பேர் விடுபட்டுப் போனது.

எங்காவது வங்கி வாசலில் பை காணாமல் போனால் செய்தியில் திருச்சி நகரின் ஒரு குடியிருப்புப் பேர் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, ‘கும்பல்’ என்ற வாலோடு. அந்தப் பேரை இந்தத் தொடரில் அச்சடிக்கப் போவதில்லை. அங்கேயும் பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தில் முகவரி எழுத வேண்டியிருக்கிறது. 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம், சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதை ரத்து செய்த தீர்ப்பில், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் விதிகளும் செல்லாது என்றது. ஸ்ரீரங்கத்து மணல்வெளியில் ஆண்டுதோறும் பார்க்கிற ஒரு விஷயம் சட்டப் புத்தகத்துக்கு வந்து சேர 2024 ஆகியிருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் துறையூர் வழியாகப் பச்சைமலை ஏறுகிறோம். 1992 ஜூன் 3இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் நிலம் பூர்வகுடிகளுக்கும் உரியது என்று தீர்ப்பளித்தது. பதினேழு நாள் கழித்து, ஜூன் 20இல், பச்சைமலைக்காரர்களின் சொந்த இனமான மலையாளிப் பழங்குடிகள் வாழும் வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் நுழைந்தன. அந்தக் கதை அங்கே.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். தோகைமலை, மணப்பாறை, கந்தர்வக்கோட்டைப் பக்கத்து வாசகர்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். ராதாரிச் சீட்டு, ரேகை எடுத்த தாள், செட்டில்மெண்ட் அடையாள அட்டை, எது கிடைத்தாலும் கரையான் அரிக்குமுன் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பேரை வெளியிட மாட்டோம்.